சளி இல்லாத வீடு

கல்யாணியைத் தெருமுனையில் பார்த்ததுமே லேக் கார்டன்ஸ் பிள்ளைகள் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடும். ஓடாத பிள்ளைகளை அவற்றின் அம்மாக்களே பிடித்துக் கொடுப்பார்கள். “நாக்கேர் தீதி எஷேச்சே” என்று மாடிக்கு மாடி குரல் போகும். மூக்கு அக்கா வந்துவிட்டாள் என்று அர்த்தம். ஐம்பது வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு ஊர் வைக்கிற பெயரா இது என்று ஆரம்பத்தில் அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. கல்கத்தாவில் அவளுக்குப் பழகாமல் போனது என்று எதுவும் இல்லை.

ராணிப்பேட்டையில் பிறந்தவள். துறைமுகத்தில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்த வேதாச்சலத்துக்குக் கழுத்தை நீட்டிவிட்டு ஹௌரா மெயிலில் வந்து இறங்கியபோது அவளுக்குத் தமிழைத் தவிர ஒரு மொழியும் தெரியாது. மீன் வாங்காமலேயே மீன் மார்க்கெட்டில் நின்று வங்காளம் கற்றுக்கொண்டாள். சண்டை போடும் அளவுக்கு அது வாயில் ஏறியதும் அவளைப் பேட்டைக்காரர்கள் தங்கள் ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். தொண்ணூறுகளில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கார்டன் ரீச் சந்துகளில் அலைந்தாள். எந்த வீட்டுக் கதவும் அவளுக்குத் திறந்தது. அந்த நல்ல பெயர்தான் பிற்பாடு அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

வேலை இதுதான். ஊரில் சளியும் இருமலும் எத்தனை பேருக்கு வருகிறது, எந்த வைரஸால் வருகிறது, ஒரே ஆளுக்கு இரண்டு வைரஸ் சேர்ந்தும் வருமா என்று பார்ப்பதற்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மித்ரா என்ற லேடி டாக்டர்தான் அதற்குத் தலைவி. ஒவ்வொரு வாரமும் அதே வீடுகளுக்குப் போக வேண்டும். ஜொர், காஷி, ஷொர்தி, கலா பேத்தா என்று நான்கு கேள்வி கேட்க வேண்டும். ஜுரம், இருமல், சளி, தொண்டை வலி. ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால் நீளமான பஞ்சுக் குச்சியை மூக்கில் விட்டுச் சுழற்றி எடுத்து, ரோஸ் நிறத் தண்ணீர் இருக்கும் சின்னக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, மத்தியானத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். சொல்லும்போது ஒன்றுமில்லை. லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடங்களில் வாரம் முழுக்க ஏறி இறங்கினவளுக்குத்தான் அது என்ன வேலை என்று தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவளுக்கு முட்டி தனியாகவும் உயிர் தனியாகவும் இருக்கும்.

வீட்டில்தான் உட்கார முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. வேதாச்சலம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்தார். விருப்பம் அவருடையது அல்ல, நுரையீரலுடையது. இளவயதிலிருந்து அவர் சிகரெட்டை ஊதித் தள்ளினார். கடைசியில் அது அவரை ஊதித் தள்ளிவிட்டது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நடந்தால் வாசற்படியில் நின்று மூச்சு வாங்குவார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு தடவை ஆஸ்பத்திரி. போன தடவை டிஸ்சார்ஜ் செய்தபோது அங்கிருந்த டாக்டர் கல்யாணியைத் தனியாகக் கூப்பிட்டு, “இவருக்குச் சளி பிடிக்காம பார்த்துக்கோங்க. நமக்குச் சளி வந்தா மூக்கைச் சிந்திட்டுப் போயிடுவோம். இவர் இன்னும் ஒண்ணு ரெண்டுதான் தாங்குவார்” என்றார்.

அன்றிலிருந்து கல்யாணி வீட்டைக் கோட்டையாக்கினாள். சம்பளத்துக்குக் கேட்கிற நாலு கேள்வியைச் சம்பளமில்லாமல் தன் வீட்டு வாசலிலும் கேட்டாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனுக்கும் ஜொர், காஷி உண்டு. பெங்களூரிலிருந்து மகள் தீப்தி லீவில் வந்தபோது, ரயிலில் ஏ.சி.யில் வந்தவள் என்பதற்காக இரண்டு நாள் முன்னறையிலேயே படுக்க வைத்தாள். “அம்மா, நான் என்ன கஸ்டம்ஸ்ல நிறுத்தின பார்சலா?” என்று அந்தப் பெண் கோபித்துக்கொண்டது. வேலையிலிருந்து வந்ததும் கல்யாணி வாசலிலேயே செருப்பை விட்டு, நேரே குளித்து, புடவை மாற்றிக்கொண்டுதான் கணவர் பக்கமே போவாள். வெளியில் அத்தனை மூக்கையும் தொட்டுவிட்டு வருகிறவள் நான், நான் ஜாக்கிரதையாக இல்லாவிட்டால் யார் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

இந்தக் கோட்டைக்குள் கேள்வி இல்லாமல் நுழைய முடிந்த ஒரே ஆள் பட்டாபி. லேக் மார்க்கெட்டில் முறுக்கு, தட்டை, காப்பிப்பொடி, அப்பளம் விற்கிற சின்னக் கடை அவருடையது. கல்யாணி கல்கத்தாவுக்கு வருவதற்கு முன்பே அவரும் வேதாச்சலமும் தமிழ் மெஸ் ஒன்றில் ஒரே அறையில் இருந்தவர்கள். பட்டாபி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் இருந்தார். தினமும் சாயங்காலம் கடைப்பையனிடம் கல்லாவைக் கொடுத்துவிட்டு, உடைந்த முறுக்கு ஒரு பொட்டலம், தமிழ்ப் பேப்பர் ஒன்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அந்தப் பேப்பர் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேரும்போது இரண்டு நாள் பழசாகியிருக்கும். அதில் உள்ளதையெல்லாம் டி.வி.யில் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. ஆனாலும் பட்டாபி முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படிப்பார். வேதாச்சலம் படுத்தபடியே மறுப்பார். இருவரும் என்றோ முடிந்துபோன தேர்தலுக்கு இன்னும் ஓட்டு எண்ணாதது போலச் சண்டை போடுவார்கள். மூச்சு இல்லாத மனிதனுக்கு அந்த ஒரு மணி நேரம் மட்டும் எங்கிருந்துதான் மூச்சு வருமோ என்று கல்யாணி சமையலறையிலிருந்து ஆச்சரியப்படுவாள்.

அந்த வருஷம் நவம்பரில் லேசாகக் காற்று திரும்பியது. ஊர் முழுக்கக் குரங்குக் குல்லா ஏறியது. குளிரால் சளி வருவதில்லை என்று கல்யாணி சொல்லிப் பார்த்தாள். தலையில் பனி இறங்குகிறது தீதி, உங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுக் குல்லாவோடு மூக்கை நீட்டினார்கள். குப்பிகள் நிரம்பின. இருமுகிற மூக்குக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் இருமாத மூக்குக்குத்தான்.

மித்ரா டாக்டரின் கண்டிப்பான உத்தரவு ஒன்று இருந்தது. ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறவர்கள் சிலரிடமும் எடுத்தாக வேண்டும். நோயாளியிடம் மட்டும் தேடினால் வைரஸ் நோயாளியிடம் மட்டும்தான் இருக்கிறது என்று தோன்றிவிடும், சும்மா இருப்பவரிடமும் தேடிப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பார். நியாயம்தான். ஆனால் நன்றாக இருக்கிற மூக்கை யார் நீட்டுவார்கள்? சர்க்கார் பௌதி, அதாவது சர்க்கார் வீட்டு அண்ணி, என்று ஒரு அம்மாள். நல்ல மனுஷி, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. போன வாரம் நாளைக்கு வா என்றாள். நாளைக்குப் போனால் மாமியார் தூங்குகிறாள் என்றாள். கடைசியில் கல்யாணியின் கையைப் பிடித்துக்கொண்டு, பெயரை எழுதிக்கொள், வயசை எழுதிக்கொள், சந்தேஷ் மிட்டாய் சாப்பிடு, மூக்கில் மட்டும் விடாதே என்று கெஞ்சினாள்.

கல்யாணிக்கு அன்றைக்குக் காலையிலிருந்து கால் வலி. இன்னொரு நல்ல மூக்கைத் தேடி இன்னொரு நாலு மாடி ஏறத் தெம்பில்லை. பௌதி வீட்டு பாத்ரூமில் கண்ணாடி முன் நின்று குச்சியைத் தன் மூக்கிலேயே விட்டு எடுத்து, குப்பியில் போட்டு, பௌதியின் பெயரை ஒட்டிவிட்டாள். அவளுக்குச் சளி இல்லை, ஜுரம் இல்லை, ஒரு தும்மல்கூட இல்லை. ஒரு நல்ல மூக்குக்குப் பதில் இன்னொரு நல்ல மூக்கு, இதில் யாருக்கு என்ன குடிமுழுகிப் போய்விட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சந்தேஷ் நன்றாக இருந்தது. இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் கல்யாணி வேலையிலிருந்து திரும்பி உள்ளே வந்தபோது பட்டாபி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தித் துண்டில் தும்மினார். மூக்கு சிவந்திருந்தது.

“பட்டாபி சார், சளியா?”

“ஒண்ணுமில்லம்மா, காத்தாலேருந்து லேசா. மிளகாய் வறுத்தேன், அந்த நெடியா இருக்கும்” என்றார் பட்டாபி.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாள் விடியும்போது வேதாச்சலத்துக்கு இழுக்க ஆரம்பித்தது. பம்ப் அடித்தும் அடங்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது. பக்கத்து ஃபிளாட் ஆண்கள் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு மூலையிலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். கீழே டாக்ஸி நின்றது. யார் சொல்லித் தெரிந்ததோ, இரண்டாவது மாடித் திருப்பத்தில் பட்டாபி வேட்டியை மடித்துக் கட்டியபடி எதிரே ஏறி வந்தார். “டேய் வேதா” என்று நாற்காலியைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

கல்யாணி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“தொடாதீங்க. நீங்க கொண்டாந்து கொட்டினதுதானே இது? மூக்கு ஒழுக ஒழுக வந்து மூஞ்சிக்கு நேரா பேப்பர் படிச்சீங்களே, இந்த மனுஷனைக் கொன்னுட்டுத்தான் அடங்குவீங்களா? உங்களுக்கு வீடு இல்ல, வாசல் இல்ல, என் தாலியை அறுக்கவா தினம் வர்றீங்க? இனிமே இந்தப் படி ஏறாதீங்க.”

அவள் தமிழில்தான் கத்தினாள். ஆனால் அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒவ்வொரு கதவிலும் ஒரு முகம் இருந்தது. பட்டாபி சுவரோடு ஒட்டி நின்று நாற்காலிக்கு வழிவிட்டார். வேதாச்சலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூச்சுக்கே வழியில்லாதவருக்குப் பேச்சுக்கு வழி ஏது? நண்பனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனார்.

பிழைத்துக்கொண்டார். ஆக்சிஜன், ஊசி, மாஸ்க் என்று ஆஸ்பத்திரியில் கிடந்து, போன தடவையைவிட மெலிந்து வீட்டுக்கு வந்தார். பட்டாபி வரவில்லை. வரக்கூடாது என்று சொன்ன இடத்துக்கு வருகிற ஆள் இல்லை அவர். வேதாச்சலம் முதல் சில நாள் சாயங்காலங்களில் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலில் மறுபக்கம் திரும்பிப் படுக்கப் பழகிக்கொண்டார். பேச்சும் குறைந்தது. வேணும், வேணாம், மாத்திரை. அவ்வளவுதான்.

பேப்பர்தானே என்று கல்யாணி தானே லேக் மார்க்கெட்டில் வேறு கடையில் வாங்கி வந்து படித்துக் காட்டினாள். ஆஜர் பட்டியல் வாசிப்பதைப் போல இருந்தது. அவர் எதையாவது மறுத்தால், “ஆமாங்க, நீங்க சொல்றதுதான் சரி” என்றாள். அவருக்கு மூச்சு வாங்கிவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு. நாலாவது நாள் அவர், “வேணாம் கல்யாணி, மடிச்சு வை” என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் ஒரு தும்மல் இல்லை. கோட்டை அவ்வளவு பலமாக இருந்தது. உள்ளே இருந்தவர் சோறு இறங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நுரையீரல் டாக்டரிடம் காட்டியபோது, மூச்சு பரவாயில்லை, ஆள் ஏன் இப்படி வாடிவிட்டார் என்று கேட்டார். கல்யாணிக்குப் பதில் தெரியும், மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். தாலியைக் காப்பாற்றிவிட்டோம், மனிதரைக் காப்பாற்றினோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் பட்டாபியின் மீது அவளுக்குக் கோபம் ஆறவில்லை. கொண்டு வந்தவர் அவர்தானே. அந்த ஒரு பிடிப்பில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மார்ச்சில் வெயில் ஏறத் தொடங்கியதும் மித்ரா டாக்டர் களப்பணிப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார். குளிர்காலத்துக் குப்பிகளின் முடிவு வந்துவிட்டது. இருமினவர்களில் பாதிப் பேரிடம் ஏதாவது ஒரு வைரஸ் இருந்தது. அவர்களில் சிலரிடம் இரண்டு, ஒரு குழந்தையிடம் மூன்று. டீயும் சிங்காடா என்கிற வங்காளச் சமோசாவும் வந்தன. சிங்காடாவைக் கடித்துக்கொண்டே டாக்டர் உற்சாகமாகச் சொன்னார்.

“இதெல்லாம் இருக்கட்டும். ஒண்ணுமே இல்லாம நல்லா இருந்தவங்ககிட்டயும் அங்கங்க கிடைச்சிருக்கு. லேக் கார்டன்ஸ்ல ஒரு அம்மா. இருமல் இல்ல, தும்மல்கூட இல்ல. மூக்குல ரெண்டு வைரஸ் ஒண்ணா உட்கார்ந்திருக்கு. பாருங்களேன், அவங்களுக்கே தெரியாது. கல்யாணிதீ, நவம்பர்ல நீங்க எடுத்ததுதான் அது. சர்க்கார்னு பேரு. அந்த வீட்டுல மத்தவங்க யாருக்காவது அப்போ உடம்பு சரியில்லாம போச்சான்னு விசாரிச்சுட்டு வாங்க.”

பெண்கள் சிரித்தார்கள். கல்யாணியின் கையில் டீ ஆறியது. குப்பியில் இருந்தது அவள் மூக்கு. அந்த மூக்கின் வீட்டில் மற்றவர்கள் என்றால் ஒரே ஒருவர்தான். அவருக்கு அப்போது உடம்பு சரியில்லாமல் போனது. அதற்காக விசாரிக்கப் போக வேண்டியதில்லை.

அவள் தேதியை நினைத்துப் பார்த்தாள். பௌதி வீட்டு பாத்ரூம் முதலில். பட்டாபியின் தும்மல் அதற்குப் பிறகு. வேதாச்சலத்துக்கு இழுத்தது அதற்கும் பிறகு. செருப்பை வாசலில் விட்டாள், குளித்தாள், புடவை மாற்றினாள். மூக்கை எங்கே விட்டுவிட்டு வந்தாள்? அதோடுதானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை கொடுத்தாள், முதுகைத் தடவினாள், பட்டாபிக்குக் காப்பி ஆற்றினாள்.

எல்லோரும் போன பிறகு டாக்டரின் மேஜை முன் நின்று சொல்லிவிட்டாள். அது சர்க்கார் பௌதி இல்லை, நான்தான் என்றாள். மித்ரா டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். எத்தனை தடவை இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். இந்த ஒரு தடவைதான் என்றாள். நம்பினாரோ இல்லையோ, அந்தக் குப்பியைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். படி ஏற இன்னொரு ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

பட்டாபியின் தும்மலையும் வேதாச்சலத்துக்கு இழுத்ததையும் சொன்னாள். “டாக்டர், அப்போ எங்க வீட்டுக்காரருக்கு நான்தான் கொடுத்தேனா?” என்று கேட்டாள் கல்யாணி.

“யாருக்குத் தெரியும்? நீங்க கொடுத்திருக்கலாம், பால்காரன் கொடுத்திருக்கலாம், உங்க சிநேகிதர் கொடுத்திருக்கலாம். அவருக்கே நீங்க கொடுத்திருக்கலாம். குளிர்காலத்துல இந்த ஊர்ல மூச்சு விடற எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துட்டு வாங்கிட்டுத்தான் இருக்கோம்” என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் உற்சாகம் இல்லை.

கல்யாணி வீட்டுக்கு வந்து, வழக்கப்படி குளித்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் கணவரிடம் சொன்னாள். சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் சொல்லாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த முதுகை அவளால் இன்னொரு நாள் பார்க்க முடியாது போலிருந்தது.

வேதாச்சலம் மெதுவாகத் திரும்பினார். சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“பட்டாபியை வெளியே நிறுத்தினே” என்றார். மூச்சு வாங்கினார். “இப்போ உன்னை எங்கே நிறுத்துறது?”

அவர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் வேலை முடிந்ததும் காலி ஐஸ் பெட்டியை லேபில் கொடுத்துவிட்டு நேரே லேக் மார்க்கெட்டுக்குப் போனாள். பட்டாபி கடையில் அப்பளக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் மஃப்ளர். அவளைப் பார்த்ததும் கை நின்றது.

“வேதாக்கு ஏதாவது…?”

“இல்லீங்க. நல்லா இருக்காரு” என்றாள் கல்யாணி. உட்காரச் சொல்வார் என்று ஒரு நொடி நின்றாள். அவர் சொல்லவில்லை. அதனால் நின்றபடியே ஆரம்பித்தாள். மித்ரா டாக்டர் சொன்னது, அந்தக் குப்பி, அந்தத் தேதி, எல்லாம் சொன்னாள். “என் மூக்குலதான் இருந்துச்சு சார். உங்களுக்குத் தும்மல் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு. உங்களுக்கே நான்தான் கொடுத்திருப்பேன்னு டாக்டர் சொல்றாங்க. நீங்க கொண்டு வரல. அன்னிக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சு, நீங்க வரணும்.”

பட்டாபி அப்பளக் கட்டு ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்.

“அந்தக் குப்பியில என் பேர் இருந்து, நான்தான் கொண்டுவந்தேன்னு உங்க டாக்டர் சொல்லியிருந்தா, இன்னிக்கு இங்க வந்திருப்பேளா?”

பொய் சொல்லிவிடலாம். ஒட்டின ஒரு பொய்ப் பெயரே அவளுக்குப் போதும் என்று ஆகிவிட்டது.

“வந்திருக்க மாட்டேன்.”

“அதைத்தான் நானும் நெனச்சேன்” என்றார் பட்டாபி. குரலை உயர்த்தவில்லை. “சளி யாரோடதா வேணா இருந்துட்டுப் போகட்டும்மா. கொண்டுவந்தவன் நானாவே இருந்தாலும், அந்தப் படியில வச்சு, அத்தனை பேர் முன்னாடி, வீடு வாசல் இல்லாதவன்னு சொல்லலாமா? மெதுவா, பட்டாபி, இன்னிக்கு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே திரும்பிப் போயிருக்க மாட்டேனா? அவன் மூச்சு எப்படின்னு எனக்குத் தெரியாதா? நீங்க வர்றதுக்கு முன்னாடிலேருந்து கேட்டுண்டிருக்கேன் அதை.”

கடைக்கு யாரோ காப்பிப்பொடி கேட்டு வந்தார்கள். அவர் நிறுத்துக் கொடுத்து அனுப்பினார். கல்யாணி ஓரமாக நகர்ந்து நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது. கடைத்தெருவில் அழுகிற வயசா என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“சாப்பிடறானா?” என்று கேட்டார் பட்டாபி.

“இல்ல. பேசறதும் இல்ல.”

அவர் அப்பளக் கட்டுகளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எனக்கு நேத்திலேருந்து தொண்டை கரகரங்கறது. ராத்திரி ஜுரம் அடிச்சுது. அதனால இன்னிக்கு வரமாட்டேன். சரியானதும் வர்றேன்னு அவன்கிட்ட சொல்லுங்கோ.”

வாருங்கள் என்று எப்படிச் சொல்வது, வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? கல்யாணி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள். டிராமில் நின்றபடி வந்தாள். பக்கத்தில் ஒருவர் இருமினார், அவள் நகரவில்லை. நகர்ந்து எங்கே போவது?

வேதாச்சலம் தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தானாக அப்படி உட்கார்ந்து அவள் பார்த்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது.

“வரானா?”

“வர்றாராம். தொண்டை சரியானதும் வர்றேன்னார். ராத்திரி ஜுரமாம்.”

வேதாச்சலத்தின் முகம் மலர்ந்து, அப்புறம் மாறியது.

“நவம்பர்லயும் அவனுக்கு ஜுரம் அடிச்சிருக்கும். அதான் மறுநாள் வரல.” அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். “அந்தக் கடைக்குப் பின்னால தனியாத்தானே கிடந்திருப்பான். ஒரு வாய்த் தண்ணி கொடுக்க ஆள் இருந்திருக்குமா? நானும் கேக்கல. நீயும் கேக்கல.”

ஒவ்வொரு வாரமும் கல்யாணி எத்தனை வீட்டில் ஜொர் உண்டா, காஷி உண்டா என்று கேட்டிருப்பாள். பட்டாபியின் மூக்கைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், அவர் எதைக் கொண்டு வந்தார் என்று பார்த்தாள். அந்த மனிதருக்கு உடம்பு சரியில்லை என்பது இந்த நாள் வரை அவளுக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்குக் கடையில்கூடத் தோன்றவில்லை. ஜுரம் என்று அவர் வாயாலேயே சொன்னார், அதை வீட்டுக்குள் வராமல் இருப்பதற்கு ஒரு காரணமாகத்தான் அவள் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

கால் கெஞ்சியது. அவள் உட்காரவில்லை. மிளகையும் சீரகத்தையும் எடுத்துப் பொடித்து, புளி கரைத்து, அடுப்பை மூட்டி ரசம் வைத்தாள். சோற்றைக் குழைய வடித்துத் தூக்கில் போட்டு மூடினாள். கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு, இப்போதுதான் ஏறி வந்த படிகளில் இறங்கினாள்.